தலைவனில்லா ஊரில் தலை எண்ணுதல்

வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையை அறியாத தமிழர் மிகச் சிலரே. குருவும் சீடரும் ஆற்றைக் கடந்து கரையேறுகின்றனர். அனைவரும் வந்து சேர்ந்தனரா என்று எண்ணிப் பார்க்கும் சீடன், தன்னை விட்டுவிட்டுப் பிறரை மட்டும் எண்ணுகிறான். தொகை ஒன்று குறைகின்றது. ஒருவரை ஆறு கொண்டு போயிற்று என்று எல்லாரும் அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் வந்து தலையிட்ட பின்னரே கணக்கு நேராகின்றது. நகைப்புக்காகச் சொல்லப்பட்ட கதையே எனினும், அதனுள் நுட்பமான வினா ஒன்று அடங்கியிருக்கின்றது. கூட்டத்துக்கு வெளியே நின்று எண்ணுவதற்கு ஒருவன் இல்லையாயின், கூட்டத்தில் உள்ளோர் தம் தொகையைத் தாமே பிழையின்றி அறிதல் கூடுமா?

பழங்காலந்தொட்டு இவ்வினாவுக்கு மனிதன் கண்ட விடை ஒன்றே. நடுவில் ஒருவனை நிறுத்தி, அனைவரும் அவனிடம் கணக்கு ஒப்புவிக்கும்படி செய்வதே அவ்விடை. ஊர்க் கணக்கன் ஓலையில் எழுதினான். அரசனின் திறைசேரி அவ்வோலைகளைத் தொகுத்தது. இக்கால அரசாங்கங்கள் குடிசன மதிப்பு எடுக்கின்றன. முறை எளியது, பெரும்பாலும் போதுமானது. ஆயின் அதன் பலவீனமும் அந்நடுவிடத்திலேயே உள்ளது. கணக்கன் நோயுற்றால் கணக்கு நிற்கும். அவன் பொய் எழுதினால் நாடு முழுவதும் பொய்யை நம்பும். பகைவன் அவன் ஒருவனை வீழ்த்தினாற் போதும். அமைப்பு முழுவதும் குருடாகிவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய பொழுது இப்பலவீனம் மிகப் பெரிதாகத் தோன்றிற்று. அணுக்குண்டுப் போரின் அச்சம் உலகைச் சூழ்ந்திருந்த காலம் அது. அமெரிக்காவின் ராண்ட் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த போல் பரன் என்பார், 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கைத் தொகுதி ஒன்றில் புதிய அமைப்பொன்றை விளக்கினார். எல்லாக் கம்பிகளும் ஒரு நிலையத்திற் சென்று கூடும் பழைய ஒழுங்கை விடுத்து, மீன்பிடி வலையிற் போல ஒவ்வொரு முடிச்சையும் அண்டை முடிச்சுகள் பலவற்றோடு இணைத்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. சில முடிச்சுகள் அறுந்தாலும் செய்தி வேறு வழியாற் சென்று சேரும். 1969 ஆம் ஆண்டில் நான்கு நிலையங்களோடு தொடங்கிய ஆர்ப்பாநெற் என்னும் வலைப்பின்னலே பின்னாளில் உலகைச் சூழ்ந்த இணையத்துக்கு வித்தாயிற்று.

எனினும், ஒரு செய்தி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சென்று சேர்வது வேறு. முழு வலையின் நிலையை அதன் ஒவ்வொரு முடிச்சும் அறிவது வேறு. வலையில் இப்பொழுது எத்தனை கணினிகள் உள்ளன? அவற்றின் மொத்தச் சேமிப்பிடம் எவ்வளவு? சராசரிச் சுமை யாது? ஆயிரக்கணக்கான கணினிகள், தலைவன் என ஒன்றில்லாமல், ஒன்றுக்கொன்று நிகராய் நிற்கும் வலையில் இவ்வினாக்களுக்கு விடை காண்பது எளிதன்று. கணக்கு எடுக்கும் வேளையிலேயே சில கணினிகள் வந்து சேரும். சில சொல்லாமற் போகும். கேள்விக்குப் பதில் வரவில்லையாயின், கேட்கப்பட்ட கணினி இறந்துவிட்டதா அன்றி மெல்லப் பதில் சொல்கின்றதா என்பதும் தெரியாது. செய்தி எவ்வளவு நேரமும் தாமதிக்கலாம் என்ற நிலையில், ஒரேயொரு கணினி இடையில் நின்றுவிடக்கூடும் என்றாலும், எல்லாச் சந்தர்ப்பங்களிலும் தவறாது உடன்பாட்டுக்கு வரச்செய்யும் திட்டவட்டமான வழிமுறை எதுவும் இருத்தல் இயலாது என 1985 இல் பிஷர், லிஞ்ச், பற்றர்சன் ஆகிய மூவரும் கணித முறையால் நிறுவினர்.

முழுமையான நிச்சயம் இயலாதெனில், அதற்கு அடுத்த நிலையில் எதை நம்பலாம்? இவ்வினாவுக்கு விடை தேடிய அறிஞர்கள் எதிர்பாராத இரண்டிடங்களுக்குச் சென்றனர். ஒன்று ஊர்வம்பு, மற்றது கொள்ளைநோய்.

ஊர்வம்பைத் தமிழ் அகத்திணை மரபு நன்கு அறியும். சிலர் வாய்க்குள் முணுமுணுக்கும் நிலையை அம்பல் என்றும், அது பலரறியப் பரந்த நிலையை அலர் என்றும் பண்டையோர் வேறுபடுத்தினர். அம்பல் எத்துணை விரைவில் அலராகும் என்பதைக் கணிதர் ஒரு புதிராக அமைத்தனர். ஊரில் ஒவ்வொருவரிடமும் பிறர் அறியாத ஒரு வம்பு உண்டு. இருவர் தொலைபேசியிற் பேசினால் தாம் அதுவரை அறிந்த அனைத்தையும் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவர். எல்லாரும் எல்லாவற்றையும் அறிவதற்கு மிகக் குறைந்தது எத்தனை அழைப்புகள் வேண்டும்? நான்கு பேருக்கு நான்கு அழைப்புகள் போதும். நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ ஆயின், தொகையை இரட்டித்து நான்கைக் கழிக்க வரும் எண்ணே விடையாகும். நூறு பேருக்கு 196 அழைப்புகள். பிரெண்டா பேக்கர், றொபேட் ஷொஸ்ராக் ஆகிய இருவர் 1972 ஆம் ஆண்டில் வெளியிட்ட நிறுவலும் இதற்கு உண்டு.

அழகான விடைதான். ஆயின் நடைமுறையில் அது கண்ணாடிப் பாத்திரம் போன்றது. இன்னார் இன்னாரை இன்ன வரிசையில் அழைக்கவேண்டும் என்ற ஒழுங்கு சிறிதும் பிசகலாகாது. ஓர் அழைப்புத் தவறினால் ஊரில் ஒரு பகுதி சில செய்திகளை என்றுமே அறியாது. சிக்கனம் மிக்க முறை, பிழையைத் தாங்கும் வலிமை அற்ற முறையாகவும் அமைந்துவிட்டது.

வலிமை வேண்டுமாயின் சிக்கனத்தைச் சற்றுக் கைவிடல் வேண்டும். கொள்ளைநோய் கற்பித்த பாடம் அதுவே. 1927 ஆம் ஆண்டில் கேர்மக், மக்கென்ட்றிக் என்னும் இரு ஸ்கொத்லாந்து அறிஞர்கள் நோய் பரவும் விதத்துக்குக் கணிதச் சமன்பாடுகள் அமைத்தனர். கேர்மக் 1924 இல் ஆய்வுகூட விபத்தொன்றிற் கண்பார்வையை இழந்தவர். மக்கென்ட்றிக் இந்திய மருத்துவ சேவையிற் பணியாற்றியவர். 1905 இன் இறுதி முதல் 1906 இன் நடுப்பகுதி வரை பம்பாயிற் பரவிய பிளேக் நோயின் மரணக் கணக்கையே அவர்கள் தம் கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டனர். நோய் தொற்றக்கூடியோர், நோயைப் பரப்புவோர், பரப்பும் நிலை கடந்தோர் என மக்களை அவர்கள் மூன்றாகப் பகுத்தனர். நோய்க்குத் தலைவன் இல்லை, திட்டம் இல்லை, வரிசை ஒழுங்கும் இல்லை. ஆயினும் அது பரவுவதைத் தடுப்பது அரிது. ஓரிருவர் இடையில் விலகிவிட்டால் அது நின்றுவிடுவதுமில்லை. மனிதனுக்குக் கேடாகிய இவ்வலிமையைச் செய்திக்கு நன்மையாக மாற்ற முடியாதா?

முடியும் எனக் காட்டியவர்கள் கலிபோர்ணியாவில் பலோ அல்ரோ நகரிலிருந்த செரொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார். அக்கொம்பனியின் உள்வலை 1980 களிற் கண்டங்கள் கடந்து விரிந்திருந்தது. யப்பானிலுள்ள ஒரு கணினியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள கணினிக்குச் செல்லும் செய்தி, 14 வாயில் நிலையங்களையும் 7 தொலைபேசி இணைப்புகளையும் கடக்க நேரிடலாம். பயனர், பொறிகள் ஆகியோரின் பெயரும் முகவரியும் அடங்கிய பதிவேட்டின் படிகள் ஏறத்தாழ 300 சேவைக் கணினிகளில் வைக்கப்பட்டிருந்தன. ஓரிடத்திற் செய்த திருத்தம் எல்லாப் படிகளுக்கும் சென்று சேரவேண்டும். திருத்தங்களைத் தபால் போல அனுப்பிப் பார்த்தனர்; சில சேரவில்லை. படிகள் தம்முள் வேறுபடுவதை இரவுதோறும் கண்டறிந்து மீண்டும் அனுப்பச் செய்தனர். 300 இடங்களில் வைக்கப்பட்ட ஒரு பதிவேட்டுக்கு ஓரிரவில் 90,000 கடிதங்கள் கிளம்பக்கூடும் என்ற நிலை வந்தது. மருந்தே நோயாயிற்று.

அலன் டிமேர்ஸ் முதலிய ஒன்பது ஆய்வாளர் 1987 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இதற்கு மாற்று வழியைக் கூறிற்று. ஒவ்வொரு கணினியும் அவ்வப்போது இன்னொரு கணினியைக் குருட்டாம்போக்கிற் தெரிந்தெடுத்து, தன் பதிவேட்டையும் அதன் பதிவேட்டையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். புதிய செய்தி கிடைத்த கணினி அதனைச் சுடச்சுடப் பிறருக்குச் சொல்லும். சொல்லப் போகுமிடமெல்லாம் அது பழஞ்செய்தியாய் இருப்பதைக் கண்டபின் ஆர்வம் குன்றி ஓய்ந்துவிடும். ஊரில் வம்பு ஓயும் விதமும் இஃதன்றோ? நோயியலில் வழங்கிய பெயர்களையே அவர்கள் கணினிகளுக்கும் இட்டனர்.

இம்முறையின் வேகம் வியப்புக்குரியது. அறிந்தவர் தொகை ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரட்டிக்கின்றது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்துச் சுற்றில் ஆயிரத்தைத் தாண்டும். ஆட்களைக் குருட்டாம்போக்கிற் தெரிவதாற் சில சொற்கள் வீணாகும். அவ்வீணையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், பத்து இலட்சம் பேர் உள்ள ஊரில் ஒருவன் அறிந்த செய்தி எல்லாருக்கும் எட்டுவதற்கு ஏறத்தாழ 34 சுற்றுகளே தேவை எனப் பிறீஸ், கிறிமெற், பிற்றெல் ஆகியோரின் ஆராய்ச்சிகளால் அறியலாம். இடையிற் சிலர் உறங்கினாலும், சில சொற்கள் காற்றோடு போயினும், இன்னும் சில சுற்றுகள் கூடுமேயன்றிச் செய்தி நிற்பதில்லை.

இங்கே ஒரு சிக்கலும் எழுந்தது. பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை நீக்குவது எப்படி? ஓரிடத்தில் அழித்துவிட்டால், அதனை அறியாத அண்டைக் கணினி, உன்னிடம் இப்பெயர் இல்லையே என்று பரிவோடு மீண்டும் எழுதிவிடும். இறந்தவர் எழுந்து வருவர். ஆகலின், ஆய்வாளர் நீக்கப்பட்ட பெயருக்கு ஒரு மரண அத்தாட்சிப் பத்திரம் வழங்கி, அப்பத்திரத்தையும் வம்போடு வம்பாகப் பரப்பினர். பின்னர் பெரும்பாலான இடங்களில் அப்பத்திரங்களை அகற்றி, ஒரு சில இடங்களில் மட்டும் நெடுங்காலம் காத்து வைத்தனர். ஒன்று இருக்கின்றது என்று ஊரறியச் செய்வது எளிது. அது இல்லாமற் போயிற்று என்று ஊரறியச் செய்வதே கடினம்.

செய்தி பரப்புதல் இவ்வாறாக, முழுமையை அறிதல் இன்னொரு படி மேலானது. ஓடிக்கொண்டிருக்கும் வலையின் நிலையை ஒரே கணத்திற் படம் பிடித்தல் இயலாது; எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான கடிகாரம் இல்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற கே. மணி சாண்டி என்பாரும், லெஸ்லி லம்போட் என்பாரும் 1985 இல் இதற்கு ஒரு வழி கண்டனர். வானெங்கும் பறவைகள் கூட்டமாய்ப் பறந்து செல்கையில், ஒரே படத்துக்குள் அடங்காத அக்காட்சியைப் பலர் பல துண்டுகளாக எடுத்து இணைப்பதற்கு இப்பணியை அவர்கள் ஒப்பிட்டனர். எந்தப் பறவையும் இரண்டு முறை விழலாகாது. எதுவும் விடுபடலும் ஆகாது. ஒஸ்ரின் நகரில் இராவுணவின்போது சாண்டி இவ்வினாவை எழுப்பினார் என்றும், மறுநாட் காலை குளிக்கும்போது தமக்கு விடை தோன்றியது என்றும், சாண்டியின் அறைக்குச் சென்றபோது அவரும் அதே விடையோடு காத்திருந்தார் என்றும் லம்போட் பின்னர் எழுதியுள்ளார்.

இம்முறைகள் எல்லாம் ஒரு நிறுவனத்தின் அல்லது ஓர் ஆய்வுகூடத்தின் கட்டுக்குள் இருந்த கணினிகளுக்கு உரியவை. கட்டுக்கடங்காத பெருவலைகள் தோன்றியது நூற்றாண்டின் இறுதியிலேதான். 1999 இல் ஷோன் பனிங் என்னும் இளைஞர் தொடங்கிய நப்ஸ்ரர் என்னும் அமைப்பின் வழியாக மக்கள் தத்தம் வீட்டுக் கணினிகளிலிருந்த இசைப் பதிவுகளைப் பகிர்ந்தனர். பதிவுகள் வீடுதோறும் பரந்து கிடந்தன; ஆயின் எவரிடம் எது உள்ளது என்ற அட்டவணை மட்டும் நடுவிடத்தில் இருந்தது. பதிப்புரிமை வழக்கில் நீதிமன்றம் அந்நடுவிடத்தை நோக்கிக் கட்டளையிட்டது. 2001 ஆம் ஆண்டு யூலையில் அமைப்பு முழுவதும் நின்றது. கணக்கனை வீழ்த்தினால் ஊர் குருடாகும் என்ற பழைய உண்மை மீண்டும் மெய்ப்பட்டது.

அதற்கு முன்னரே, 2000 ஆம் ஆண்டு மார்ச்சில் நுற்றெல்லா என்னும் வேறோர் அமைப்பு வெளிவந்திருந்தது. அதில் அட்டவணையும் இல்லை, நடுவிடமும் இல்லை. வினாவை அண்டைக் கணினிகளுக்குச் சொல்ல, அவை தம் அண்டைக் கணினிகளுக்குச் சொல்லும். அதனை ஆக்கிய கொம்பனியின் உரிமையாளர் மறுநாளே வெளியீட்டை நிறுத்தியும் பயனில்லாது போயிற்று; அதற்குள் அது பலர் கைக்குச் சென்றுவிட்டது. ஆயின் அவ்வலையின் முழு நிலையை அதன் உறுப்பினர் எவரும் அறியார். அடார், ஹூபர்மன் என்னும் இரு ஆய்வாளர் அதே ஆண்டில் அளந்து பார்த்தபொழுது, ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேர் எதனையும் பகிராது பெற்றுக்கொள்வோராகவே இருப்பது தெரியவந்தது. பொதுக் கிணற்றில் நீர் அள்ளுவோர் பலர். தூர் வாருவோர் சிலர். இதனை அறிவதற்கும் வெளியிலிருந்து ஆய்வாளர் வரவேண்டியிருந்தது. வலை தன்னைத் தானே அளக்க வழியுண்டா?

கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெம்ப்பே, டோப்ரா, கேர்க்க ஆகிய மூவர் 2003 ஆம் ஆண்டில் அதற்கு எளிய விடை ஒன்றைக் கூறினர். அதன் அடிக்கருத்தைச் சிறு உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். நான்கு வீடுகளில் முறையே 8, 4, 2, 2 கொத்து அரிசி இருக்கின்றன எனக் கொள்க. சராசரி 4. நால்வரும் ஒன்றுகூடாமல் இதனை எவ்வாறு அறிவர்? முதலிரு வீட்டாரும் தம் அரிசியைச் சேர்த்துச் சமனாய்ப் பகிர்ந்தால் ஆளுக்கு 6. மற்றை இருவரும் பகிர்ந்தால் ஆளுக்கு 2. பின்னர் 6 உள்ளவர் ஒவ்வொருவரும் 2 உள்ளவர் ஒருவரோடு பகிர்ந்தால் எல்லாரிடமும் 4. எவரும் முழுக் கணக்கையும் பார்க்கவில்லை; ஆயினும் எல்லாரும் சராசரியை அறிந்துவிட்டனர். தலைகளை எண்ணுவதும் இவ்வழியால் இயலும். ஒருவரிடம் மட்டும் ஒரு கொத்து அரிசி இருக்க, மற்றையோரிடம் ஒன்றும் இல்லை எனத் தொடங்கினால், இறுதியில் ஒவ்வொருவரிடமும் எஞ்சும் பங்கு, தலைத்தொகையின் தலைகீழ் எண்ணாகும். ஆயிரத்தில் ஒரு பங்கு எஞ்சினால் ஊரில் ஆயிரம் பேர்.

கோர்னெல் அறிஞர் அமைத்த முறையில் இருவர் ஒருங்கே கூடிப் பகிர வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு கணினியும் ஒரு தொகையும் ஒரு நிறையும் வைத்திருக்கும். சுற்றுத்தோறும் இரண்டிலும் பாதியைத் தன்னிடம் வைத்து, மறுபாதியைக் குருட்டாம்போக்கிற் தெரிந்த ஒருவருக்கு அனுப்பும். தொகையை நிறையாற் பிரித்தால் வரும் எண் விரைந்து சராசரியை நெருங்கும். இதன் உயிர்நாடி, பௌதிகம் பயில்வோர் அறிந்த திணிவுக் காப்பு விதியை ஒத்தது. அரிசி கைமாறலாம், குறையலாகாது, கூடலாகாது. பரமார்த்த குருவின் சீடன் தன்னை விட்டு எண்ணினான். வலையிலோ ஒருவரையே இரு முறை எண்ணும் அபாயமும் உண்டு. திணிவு காக்கப்படுமாயின் இவ்விரு பிழைகளும் நேரா.

காக்கப்படாவிடின்? மேற்கூறிய உதாரணத்தில், முதற் பகிர்வு முடிந்தவுடன் 6 கொத்து உள்ள ஒருவர் ஊரைவிட்டுப் போனார் எனக் கொள்க. எஞ்சியவை 6, 2, 2. அவற்றின் சராசரி மூன்றும் மூன்றில் ஒன்றும் ஆகும். முதல்வர் போயிருந்தால், எஞ்சியோர் தொடக்கத்தில் வைத்திருந்தவற்றின் உண்மைச் சராசரி மூன்றுக்கும் குறைவு. இரண்டாமவர் போயிருந்தால் அது 4. எப்படியாயினும் கணக்குப் பிழை. இப்பிழை தானாக ஆறாது. ஒவ்வோர் இழப்பினாலும் பெருகவும் கூடும். ஆகலின் சிறிது காலத்துக்கு ஒருமுறை பழைய கணக்கை விடுத்து, புதிதாகத் தொடங்கும் வழக்கத்தை ஜெலாசிற்றி, மொன்ரெசோர், பபோக்லு ஆகியோர் 2005 இல் விதித்தனர். ஆண்டுதோறும் புதுக் கணக்கு எழுதும் வணிகரின் ஒழுக்கம் இங்கும் பயன்பட்டது.

இரட்டை எண்ணிக்கைக்கு அஞ்சாத வேறொரு வழியும் உண்டு. பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் பிலிப் பிளஜொலே, நைஜல் மாட்டின் என்பாரோடு சேர்ந்து 1985 இல் வெளியிட்ட முறையின் சாரம் இது. ஊரில் ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தைச் சுண்டி, பூ விழும்வரை தொடர்ந்து எத்தனை தலை விழுந்தது எனக் குறித்துக்கொள்ளட்டும். பின்னர் ஊரில் உள்ள மிகப் பெரிய எண் எது என்பதை மட்டும் வம்பாகப் பரப்பட்டும். தொடர்ந்து பத்து முறை தலை விழுவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கே வாய்க்கும். ஆகலின் பெரிய எண் பத்தாயின், ஊரில் ஏறத்தாழ ஆயிரம் பேர் எனலாம். ஒரே செய்தியை நூறு முறை கேட்டாலும் பெரிய எண் பெரிய எண்ணே, தொகை மாறாது. விடை துல்லியமன்று. பல நாணயங்களைச் சுண்டிச் சராசரி கண்டு அதனைச் செம்மைப்படுத்தலாம். 2004 அளவில் உணர்கருவி வலைகளிலே இம்முறை கையாளப்பட்டது.

இதுவரை கூறியன கணினி நின்றுபோவதையும் செய்தி தொலைவதையும் தாங்குவதற்கான வழிகள். செய்தி தொலையாமல், திரிந்து வந்தால் என் செய்வது? வம்பின் வலிமையே அங்கு ஆபத்தாக மாறும். வரலாற்றில் இதற்கு இரு பெரும் சான்றுகள் உள்ளன.

முதலாவது, 1980 ஆம் ஆண்டு ஒக்டோபர் 27 ஆம் நாள் நிகழ்ந்தது. ஆர்ப்பாநெற் வலையில் ஒவ்வொரு நிலையமும் தன் இணைப்புகளின் நிலையை எல்லா நிலையங்களுக்கும் பரப்புவது வழக்கம். எது புதிய செய்தி என அறிவதற்கு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 63 வரை ஒரு வரிசை எண் உண்டு; 63 க்குப் பின் மீண்டும் 0. ஒரு பொறியின் பழுதினாற் சில குறிகள் உதிர்ந்து, ஒரே நிலையத்தின் பெயரில் 8, 40, 44 என மூன்று எண்களோடு செய்திகள் உலவலாயின. வட்டமாய்ச் சுழலும் அக்கணக்கின்படி 40 இலும் 44 புதியது. 8 இலும் 40 புதியது. 44 இலும் 8 புதியது. ஒவ்வொன்றும் மற்றொன்றை வென்று சுற்றிச் சுற்றி வந்தது. நிலையங்கள் யாவும் இம்மூன்றையும் ஓயாது பரப்புவதிலேயே மூழ்கின. பல மணி நேரம் வலை முழுவதும் செயலிழந்தது. நடுவிடம் இல்லாத அமைப்பு ஆதலின், ஓரிடத்திற் பிழையைத் துடைத்தாலும் அண்டை நிலையம் அதனை மீண்டும் ஊட்டிற்று.

இரண்டாவது, 2008 ஆம் ஆண்டு யூலை 20 ஆம் நாள் அமேசன் கொம்பனியின் சேமிப்புச் சேவையில் நிகழ்ந்தது. அதன் சேவைக் கணினிகள் ஒன்றன் நிலையை ஒன்று வம்புமுறையாலேயே அறிந்தன. சில செய்திகளில் ஒற்றைக் குறி ஒன்று மாறிவிட்டது. செய்தி படிக்கக் கூடியதாகவே இருந்தது. ஆயின் அது சொன்ன நிலை பொய். பொய் வம்பு வேகமாகப் பரவிற்று. கணினிகள் தம் தொழிலை விட்டு வம்பிலேயே காலம் போக்கின. ஈற்றில் எல்லாக் கணினிகளின் பேச்சையும் நிறுத்தி, அறிந்தவற்றை மறக்கச் செய்து, புதிதாகத் தொடங்க நேர்ந்தது. வாடிக்கையாளர் சேமித்த பொருளுக்குத் திரிபு காணும் சரிபார்ப்பு எண் இருந்தது. கணினிகள் தமக்குள் பேசிய உட்பேச்சுக்கு அது இருக்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் இடையிட்டும் பாடம் ஒன்றே. பரவும் சொல் ஒவ்வொன்றும், பரவும் இடந்தோறும் சரிபார்க்கப்படல் வேண்டும்.

பழுதினாற் பிறக்கும் பொய்யிலும் கொடியது, வேண்டுமென்றே சொல்லும் பொய். நாணயம் சுண்டும் முறையை மீண்டும் நோக்குக. ஒருவன் மட்டும் தனக்கு நாற்பது தலை விழுந்தது எனப் பொய் உரைத்தால், ஊரில் ஒரு இலட்சம் கோடிக்கு மேற்பட்டோர் உளர் என எல்லாரும் நம்புவர். வம்புப் புதிரை விடுவித்த ஷொஸ்ராக், பீஸ், லம்போட் ஆகியோரோடு சேர்ந்து 1980 இல் இவ்விடரை ஆராய்ந்தார். 1982 இல் அவர்கள் அதனைப் பைசாந்தியத் தளபதிகளின் கதையாகச் சொன்னார்கள். நகரொன்றை முற்றுகையிட்ட தளபதிகளிற் சிலர் துரோகிகள். துரோகி ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் சொல்வான். வாய்ச்சொல் மட்டுமே சான்றாகும் நிலையில், துரோகிகள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாயின் மட்டுமே நல்லோர் ஒருமனப்பட முடியும் என அவர்கள் நிறுவினர். மூவரில் ஒருவன் துரோகியாயினும் கணக்கு முடிந்தது. நால்வரில் ஒருவனாயின் தப்பலாம்.

திறந்த வலையில் இம்மூன்றில் ஒரு பங்கு என்ற அரணும் நிலைப்பதில்லை. ஒருவனே ஆயிரம் பெயர்களோடு வந்து நின்றால் தலைக்கணக்கு என்ன ஆகும்? மைக்ரோசொப்ற் ஆய்வாளர் ஜோன் டௌசர் 2002 இல் இதனை எடுத்துக்காட்டினார். ஆள் அடையாளத்தை உறுதிசெய்யும் நம்பகமான அதிகாரம் ஒன்று இல்லாதவிடத்து இத்தகைய ஆள்மாறாட்டம் நடைமுறையில் எப்போதும் இயலக்கூடியதே என்பது அவர் முடிபு. 2009 ஆம் ஆண்டு யனவரியில் இயங்கத் தொடங்கிய பிற்கொயின் என்னும் நாணய வலை இதற்கு வேறு வழி தேடிற்று. அது தலைகளை எண்ணுவதில்லை. ஒவ்வொருவரும் செலவிட்ட கணிப்பு உழைப்பையே எண்ணுகின்றது. பொய்ப் பெயர் ஆயிரம் படைக்கலாம். பொய் உழைப்புப் படைத்தல் அரிது. ஆயினும் அதற்கு மின்சாரமாகக் கொடுக்கும் விலை பெரிது. நடுவிடத்தில் நம்பத்தக்க ஒருவர் இல்லாமையின் செலவு எத்துணை என்பதற்கு அதுவே ஓர் அளவுகோல்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். தலைவனில்லாக் கூட்டம் தன்னைத் தானே அறிதல் இயலாத காரியம் அன்று. ஆயின் அதற்கு மூன்று ஒழுக்கங்கள் வேண்டும். தன்னிடம் உள்ளதைக் கூட்டாமலும் குறையாமலும் பிறருக்குப் பகிர்தல் ஒன்று. கேட்டதைச் சரிபார்க்காமற் பரப்பாதிருத்தல் இரண்டு. பழைய கணக்கை அவ்வப்போது கைவிட்டுப் புதிதாய் எண்ணத் துணிதல் மூன்று. இவை பொறிகளுக்காக விதிக்கப்பட்டவையே எனினும், ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்டு வாழும் மனித சமுதாயத்துக்கு அந்நியமானவை அல்ல. அமேசனின் கணினிகளை ஒரு நாள் நிறுத்தி, எல்லாவற்றையும் மறக்கச் செய்து, மீண்டும் தொடங்க முடிந்தது. பொய்யான அலர் பரவிய ஊருக்கு அவ்வசதி இல்லை. ஆதலால் சரிபார்க்கும் கடமை, பொறியிலும் மனிதனுக்கே மிகுதியாக உரியது.